தேனில் நான் கண்டுபிடித்த தண்ணீர்

இயற்பியல் படித்ததால்தான் கொல்லிமலையில் எனக்கு அந்த வேலை கிடைத்தது என்று நம்பியிருந்தேன். வேறு யாருமே விண்ணப்பிக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

தேவனூர் நாட்டில் (மலையில் சில ஊர்கள் சேர்ந்த தொகுதியை நாடு என்பார்கள்) விவசாயிகள் சேர்ந்து நடத்திய சிறிய கொள்முதல் நிலையம் அது. மிளகும் தேனும் வாங்குவோம். தேனில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பார்க்க ஒரு கருவி வந்தது. சிறிய டார்ச் அளவுக் குழாய், ஒரு முனையில் கண்ணாடி. அதில் ஒரு சொட்டுத் தேனைத் தடவி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, மறுமுனையில் கண்ணை வைத்தால் ஒரு கோடு தெரியும். கெட்டித் தேனுக்குள் ஒளி அதிகம் வளையும். தண்ணீர் கூடக்கூட வளைவு குறைந்து கோடு இடம் மாறும்.

முதல் நாள், தேன் கொண்டுவந்த பன்னிரண்டு பேரையும் உட்காரவைத்து, தண்ணீர் டம்ளரில் பென்சிலைச் சாய்த்துப் போட்டு, அது ஏன் ஒடிந்தமாதிரி தெரிகிறது என்று அரைமணி நேரம் பேசினேன். மரியாதையாகக் கேட்டார்கள். ஒருவர் மட்டும் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார்.

முதலில் வந்தவர் மிளகுத் தோட்டத்தில் தேனீப் பெட்டி வைத்திருக்கும் ஒரு அக்கா. கோடு இருபத்தாறு சதவீதத்தில் நின்றது. இருபதைத் தாண்டினால் வாங்கக்கூடாது. குற்றவாளியிடம் பேசும் கனிவோடு விஷயத்தைச் சொன்னேன்.

"தண்ணி ஊத்தறதுக்கு இதென்னங்க சாம்பாரா?" என்றார் அவர்.

கருவி பொய் சொல்லாது என்றேன். அடுத்தவருக்கும் இருபத்தைந்து. வரிசையாகப் பன்னிரண்டு பேருக்கும் அப்படியே. மூளை உள்ளவன் என்றால் கருவியைச் சந்தேகித்திருப்பான். நான் ஒரு நாட்டையே சந்தேகித்தேன். நிலையத்தின் செயலாளருக்குப் போன் போட்டு, பெரிய மோசடியைப் பிடித்துவிட்டதாகச் சொன்னேன்.

ஐந்து பேர் தேனைத் தூக்கிக்கொண்டு பேளுக்குறிச்சிச் சந்தைக்குக் கிளம்பிவிட்டார்கள். அந்த அக்கா போகவில்லை. போன மாதம் ஆய்வகத்தில் சோதித்து நாங்களே வாங்கி அலமாரியில் வைத்திருந்த பாட்டிலைக் காட்டி, அதையும் பார்க்கச் சொன்னார். அவர் வாயை அடைக்கத்தான் அதையும் சோதித்தேன். அதுவும் இருபத்தைந்து.

அக்கா என் கையைப் பார்த்தார்.

"அந்தக் கண்ணாடிய எதுலங்க தொடைக்கிறீங்க?"

கையிலிருந்த துணியைப் பார்த்தேன். சொட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் கண்ணாடியைக் கழுவி, அந்த ஈரத்துணியாலேயே துடைத்துவிட்டு, மேலே தேனைத் தடவியிருக்கிறேன். அன்றைக்குத் தேனில் தண்ணீர் கலந்த ஒரே ஆள் நான்தான்.

அக்கா கருவியை வாங்கி, முந்தானையால் அழுத்தித் துடைத்துக் கொடுத்தார். அவர் தேன் பத்தொன்பது காட்டியது. இருந்த ஏழு பேரின் தேனையும் மறுபடி பார்த்து வாங்கினோம். செயலாளருக்கு மறுபடி போன் போட்டு, மோசடி எதுவும் இல்லை, தப்பு என்னுடையது என்று சொன்னேன்.

மறுநாள், சந்தைக்குப் போய்விட்ட அந்த ஐந்து பேரின் வீடுகளுக்கும் நடந்தேன். நால்வர் சிரித்துவிட்டார்கள். ஐந்தாமவர் சிரிக்கவில்லை. நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, "என்ற சம்சாரமே கேக்குதுங்க, நெசமாவே தண்ணி ஊத்துனீங்களான்னு" என்றார்.

அவர் மனைவியைக் கூப்பிடச் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரர்களும் எட்டிப் பார்க்க, வாசலில் நின்று நான் செய்ததை முதலிலிருந்து மறுபடியும் சொன்னேன். அந்த அம்மா உள்ளே போய், ஒரு தட்டில் வேகவைத்த மரவள்ளிக்கிழங்கைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.