பதினாலாம் வரிசையில் பக்கத்து இருக்கை

எனக்கு வாய் அதிகம். இதை நான் சொல்லவில்லை, மயிலாப்பூரே சொன்னது. ஒருநாள் குளத்து நிறுத்தத்தில் நிற்காமல் போன பஸ்ஸை ரிக்‌ஷாவில் துரத்திப்போய் லஸ்ஸில் பிடித்து, ஏறியதும் கண்டக்டரை ஒரு பிடி பிடித்தேன். "இன்னாம்மா, ரிக்‌ஷா வெச்சுக்கினு வந்து சண்டை போடறியே, உனக்கு வேற வேலையே இல்லியா?" என்று அவன் கேட்க, பஸ்ஸே சிரித்தது. வீட்டில் அண்ணாவின் மனைவியிடம், என் மன்னியிடம், இதைச் சொன்னபோது, "உன்னைக் கட்டிக்கப்போற மனுஷன் என்ன பாவம் பண்ணினாரோ" என்றாள்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. அது மன்னிக்குத் தெரியாது. அண்ணாவுக்கும் தெரியாது.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. மவுண்ட் ரோட்டில் ஒரு கம்பெனியில் நான் டைப்பிஸ்ட். அதே கட்டடத்தின் மேல்மாடியில் இருந்த இன்னொரு கம்பெனியில் என்னைக் கட்டிக்கொண்டவர் டிராஃப்ட்ஸ்மேன். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். மேற்கு மாம்பலத்தில் வீடு, பாண்டி பஜாரில் சித்தப்பாவுக்கு ஜவுளிக்கடை. இரண்டு வீட்டிலும் ஒப்பமாட்டார்கள் என்பது கேட்காமலே தெரியும். ஆகவே கேட்கவில்லை. ஒரு புதன்கிழமை அரைநாள் லீவு போட்டு ரிஜிஸ்தர் ஆபீசில் கையெழுத்துப் போட்டோம். சாயந்திரம் அவர் அவர் வீட்டுக்குப் போனார், நான் என் வீட்டுக்கு வந்து கத்தரிக்காய் நறுக்கினேன். கழுத்தில் தாலி கிடையாது. சமயம் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தோம்.

சமயமாவது, வருவதாவது! அப்பா அம்மா போன பிறகு என்னை வளர்த்தவர் அண்ணா. அவர் எதிரில் போய் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். கல்யாணத்துக்கு முன்னால் நான் தனிமையாக இருந்ததாக எனக்கு நினைவே இல்லை. அதற்குப் பிறகுதான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்கள் தாங்கமுடியாமல் போயின. வீடே சாப்பிட்டுவிட்டுத் தூங்கும். மூன்று மைலில் புருஷன் இருப்பார். போய்ப் பார்க்க முடியாது, போன் கிடையாது. ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவில் போகிற சைக்கிள்களை எண்ணிக்கொண்டிருப்பேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நானும் அவரும் நாலு பேர் நடுவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்ததே இல்லை. பஸ்ஸில் பெண்கள் பக்கம் நான், ஆண்கள் பக்கம் அவர். சினிமாவில் நடுவில் ஒரு நாற்காலி விட்டு உட்காருவோம். அடையாறு தாண்டி எலியட்ஸ் பீச்சுக்குப் போனாலும் மயிலாப்பூர்க்காரர் யாராவது அங்கே காற்று வாங்க வந்து தொலைத்திருப்பார், ஒரு கஜம் தள்ளித்தான் உட்கார முடியும். ரிஜிஸ்தர் ஆபீசில்கூட நின்றபடியேதான் கையெழுத்து.

அப்படியிருக்கையில் அவருக்கு வளைகுடாவில் வேலை கிடைத்தது. இரண்டு வருஷம். பம்பாய் போய் அங்கிருந்து விமானம் ஏறவேண்டும். அதே சமயம் எங்கள் கம்பெனியின் பம்பாய் ஆபீசில் பத்து நாள் பயிற்சிக்கு ஓர் ஆளை அனுப்ப இருந்தார்கள். மேனேஜருடன் மல்லுக்கட்டி அதை வாங்கினேன். ரயில் டிக்கெட்தான் தருவோம் என்றார்கள், மீதியை நான் போட்டுக்கொண்டு விமான டிக்கெட் எடுத்தேன். வீட்டில், எல்லாம் கம்பெனி செலவு என்று புளுகினேன். ஒன்றே முக்கால் மணி நேரம். எங்களைத் தெரிந்தவர் ஒருத்தரும் இல்லாத இடத்தில், அவர் தோளில் என் தோள் படும்படி ஒன்றே முக்கால் மணி நேரம் உட்கார்ந்து போகவேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

மீனம்பாக்கத்துக்கு அண்ணாவும் வந்தார். தங்கை முதல்முதலாக ப்ளேன் ஏறுகிறாளே என்று பாவம் லீவு போட்டிருந்தார். எங்கள் திட்டம் சின்னது. என் புருஷன் முதலில் போய் இருக்கை வாங்கி, என்னைத் தாண்டிப் போகும்போது எண்ணை மட்டும் சொல்லவேண்டும். சொன்னார். "பதினாலு ஏ." நான் கவுண்டரில் போய்ப் பதினாலு பி வேண்டும் என்று கேட்டேன். அந்தக் காலத்தில் இருக்கை எண்களைச் சின்னச் சின்ன ஒட்டுச் சீட்டுகளாக ஓர் அட்டையில் வைத்திருப்பார்கள். அதிலிருந்து ஒன்றைப் பிய்த்து போர்டிங் கார்டில் ஒட்டித் தருவார்கள். எனக்கு ஒட்டிக் கொடுத்ததை நான் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன்.

"நான் மாடிக்குப் போய் நல்ல இடமா பாத்து நின்னுக்கறேன். ஏறும்போது கையை ஆட்டு, என்ன?" என்று சொல்லிவிட்டு அண்ணா பார்வையாளர் மாடத்துக்குப் போய்விட்டார்.

அவர் தலை மறைந்து இரண்டு நிமிஷம்கூட இருக்காது. வெள்ளைச் சட்டையும் டையுமாக விமானக் கம்பெனி அதிகாரி ஒருவர் என்னிடம் வந்தார். என் கையிலிருந்த கார்டை வாங்கி, பதினாலு பி-யைப் பிய்த்து எறிந்துவிட்டு, வேறொரு சீட்டை ஒட்டித் திருப்பிக் கொடுத்தார்.

"உங்க சீட்டை மாத்திட்டேங்க. பக்கத்துல ஜென்ட்ஸைப் போட்டிருந்தாங்க. லேடீஸ் தனியா வர்றீங்க, கவுண்டர் பையனுக்கு அதெல்லாம் தெரியாது. ஆறாவது வரிசையில ஒரு அம்மா பக்கத்துல போட்டிருக்கேன். கவலைப்படாம போங்க."

எத்தனை பெருமை அந்த முகத்தில்! பெண் பிள்ளையைக் காப்பாற்றிவிட்டாராம். யார் கேட்டார்கள் இவரை?

"எனக்கு அந்த சீட்தான் வேணும். நானே கேட்டு வாங்கினேன்," என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. திரும்பி, நாலடி தள்ளி நின்றிருந்த என் புருஷனைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். என் கழுத்தையும் பார்த்தார்.

"ஏங்க, அவர் உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

அண்ணா அங்கே இல்லை. மாடத்தில் நிற்பவருக்கு நாங்கள் பேசுவது காதில் விழவும் விழாது. பஸ்ஸைத் துரத்தியவள் நான், மேனேஜரை மடக்கியவள் நான். 'என் வீட்டுக்காரர்' என்று சொல்ல ஒரு வினாடி போதும். நாலடி தள்ளி என் புருஷன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லை," என்றேன்.

"அப்ப சரிங்க," என்று அதிகாரி போய்விட்டார்.

ஆறாவது வரிசை மாமி நல்லவர். ஜன்னலோரத்தை எனக்கு விட்டுக்கொடுத்து, பிள்ளைக்கு செம்பூரில் வீடு கிடைத்த கதையெல்லாம் சொன்னார். நான் ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். என் இடத்தில் ஒரு தடித்த மனிதர் பேப்பரை விரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அப்பால் இவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தார். ஆகாசத்தில் என்ன பயம் எனக்கு? எழுந்து போய், 'சார், கொஞ்சம் மாறி உட்காருங்கோ' என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஒரு தடவை இல்லை என்று சொன்னவள், ஆமாம் என்று போய் நிற்க வெட்கமாக இருந்தது. அதற்கப்புறம் எத்தனையோ தடவை ப்ளேனில் போய்விட்டேன், எப்போதும் தனியாகத்தான். அந்த ஒன்றே முக்கால் மணி நேரத்தைப் போல நீளமாக எதுவும் இருந்ததில்லை.

பம்பாயில் பெட்டி வரும் இடத்தில் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அந்த ஆளு கேட்டாம்லா, சொல்லியிருக்கலாம்லா?" என்றார்.

"அண்ணா மாடியிலேர்ந்து பாத்துண்டிருந்தார்."

"பாத்தா பாக்கட்டும். காதுலயா விழப்போவுது?"

அவர் கோபக்காரர் இல்லை. டீ வாங்கிக் கொடுத்தார், என்னை டாக்சியில் ஏற்றிவிட்டார், உடம்பைப் பார்த்துக்கொள் என்றார். மறுநாள் அவர் விமானம் ஏறியபோது நான் பயிற்சி வகுப்பில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன்.

கடிதங்கள் என் ஆபீஸ் முகவரிக்கு வரும். மணல், வெயில், அறையில் கூட இருக்கும் ஐந்து பேர் என்று முதல் மூன்று கடிதங்கள் கலகலப்பாகவே இருந்தன. நாலாவது கடிதம் ஒரே பக்கம். "இங்கே ஒரு பாரம் நிரப்பச் சொன்னார்கள். கல்யாணம் ஆனவரா என்று கேட்டிருந்த இடத்தில் ஆகவில்லை என்று எழுதிவிட்டேன். ஆனவர் என்று எழுதினால் மனைவியைக் கூட்டிவர மனுப்போடலாமாம். நீ வருவாயோ என்னவோ என்று தோன்றியது. உன்னைக் கேட்காமல் எழுதினது தப்புதான்," என்று எழுதியிருந்தார்.

எனக்கு அழுகைதான் முதலில் வந்தது. ஆபீஸ் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பிறகு ஆத்திரம் வந்தது, அவர்மேல் இல்லை, என்மேல். இதற்குமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது? ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணா பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது எதிரில் போய் நின்றேன். நாக்கு ஒட்டிக்கொள்ளத்தான் பார்த்தது. விடவில்லை.

"அண்ணா, எனக்குக் கல்யாணம் ஆயிடுத்து," என்றேன்.

சமையலறையில் மன்னியின் கரண்டிச் சத்தம் நின்றது. அண்ணா பேப்பரைக் கீழே வைத்தார். யார், எப்போது, எங்கே என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன், எலியட்ஸ் பீச் உட்பட. அவர் குரல் ஒரு தடவைகூட உயரவில்லை.

"அத்தாட்சி ஏதாவது வெச்சிண்டிருக்கியா?"

ரிஜிஸ்தர் ஆபீசில் கொடுத்த தாள் அவருடைய பெட்டியோடு வளைகுடாவுக்குப் போய்விட்டது. மற்றக் கடிதங்கள் ஆபீஸ் மேஜையில் பூட்டியிருந்தன. கைப்பையில் இருந்தது அந்த நாலாவது கடிதம் மட்டும்தான். வேறு வழியில்லாமல் அதை எடுத்து நீட்டினேன்.

அண்ணா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு மடித்து என் கையிலேயே கொடுத்தார்.

"இவரே ஆகலைன்னுதானேம்மா எழுதியிருக்கார்," என்றார்.

திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பேன். அவர் திட்டவே இல்லை.