அம்புக்கு எதிராக நடந்தவர்

எங்கள் அருங்காட்சியகத்தின் கடற்பயணக் கூடத்தில் தரையில் ஒட்டியிருக்கும் அம்புக்குறிகளை அகற்றுவதென்று செவ்வாய்க்கிழமை தீர்மானம் நிறைவேறியது. எதிர்ப்பு இல்லை, ஒருவர் மட்டும் வாக்களிக்காமல் இருந்தார். கடல் கடந்து கப்பல் அனுப்பிய அரசர்கள்கூட இத்தனை கூட்டம் போட்டிருக்க மாட்டார்கள். செய்தியைச் சொல்ல வெளியே வந்து மலர் அக்காவைத் தொலைபேசியில் அழைத்தேன். மகள் எடுத்தார். "அம்மா விடிய எங்களை விட்டிட்டுப் போயிட்டா, அங்கிள்," என்றார். கூட்டத்துக்குத் திரும்பினேன். அடுத்த விடயம், கழிவறைக் கதவு.

மலர் அக்காவை அறிந்த உங்களில் யாரும் அவர் உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டீர்கள். கூடத்தின் வழிகாட்டியான அவர் தேநீரையும் நடந்துகொண்டே குடிப்பார். சென் ஜேம்ஸ் ரவுண் வீட்டிலிருந்து ஸ்ரீற்கார் என்னும் வீதி ரயிலில் வரும்போது, இருக்கைகள் காலியாக இருக்க, கதவருகே நிற்பார். "இருந்தா அந்தரமாக் கிடக்குது, தம்பி." காட்சிப்பொருள்களுக்கு விளக்கக் குறிப்பு எழுதி, உட்கார்ந்தே சம்பளம் வாங்கும் எனக்கு அது கண்டனம் போலக் கேட்கும்.

கூடம் வட்டமானது. நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு ஸ்பானியக் கப்பலின் மாதிரி. அதன்மேல் மட்டும் விளக்கு. வாசலில் அம்பு வலப்பக்கம் காட்டும். அதன்படி போனால், கரையில் மீன் பிடிக்கும் மக்கள், வந்து சேரும் கப்பல், இரும்புத் தொப்பி அணிந்த ஸ்பானியர், ஒடுங்கிய மரக்குடிசைக்குள் பல் உதிர்ந்த பிரெஞ்சுக்காரரின் முதல் குளிர்காலம், கடைசியில் வேலியடைத்த கோட்டை என்று வரலாறு ஒழுங்காக முன்னேறும்.

ஒரு மாசி மாதம் ரெக்ஸ்டேலில் இருந்து தமிழ் முதியோர் சங்கம் ஒன்று வந்தது. மங்கிய வெளிச்சத்தையும் நடுவிலிருந்த பெட்டியையும் பார்த்துவிட்டு, பூட்சைக் கழற்ற வேண்டுமா என்று ஒருவர் கேட்டார். பிறகு எல்லோரும் இடப்பக்கம் திரும்பினார்கள்.

"அங்கிள், உந்தப் பக்கமில்லை. அம்பைப் பாருங்கோ," என்று மலர் அக்கா பின்னால் ஓடினார்.

"அம்பு பிழை, பிள்ளை. நடுவில இருக்கிறதை வலக்கைப் பக்கம் விட்டெல்லோ சுத்திறது," என்றார் முன்னால் போனவர்.

ஆகவே அவர்கள் கோட்டையில் தொடங்கினார்கள். வேலி மறைந்தது. பிரெஞ்சுக்காரருக்குப் பல் முளைத்தது. ஸ்பானியர் கப்பலேறினார்கள். கரையில் மக்கள் மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"முடிவு நல்லாத்தான் கிடக்கு," என்றார் அதே அங்கிள். "வந்தவன் போயிட்டான்."

மலர் அக்கா சிரிக்கவில்லை. அன்று முழுவதும் கூடத்தை இரண்டு பக்கமாகவும் நடந்து பார்த்தார். மாலையில் என் மேசைக்கு வந்தார்.

"கரையில நிண்ட சனத்துக்கு ஆர் அம்பு போட்டுக் குடுத்தது? அதைக் கழட்டச் சொல்லப்போறன்."

"பாக்க வாற ஆக்கள் குழம்புவினம், அக்கா."

"குழம்பட்டும். நாங்களும் வந்திறங்கின ஆக்கள்தானே. கொஞ்சம் குழம்பினா என்ன?"

அம்பில்லாவிட்டால் பார்வையாளர்கள் வழிதவறக்கூடும் என்று குழு அஞ்சியது. வழிதவறியே புகழ்பெற்றவர்களுக்காக அமைத்த கூடம் அது. விடயம் அடுத்த கூட்டத்துக்குப் போனது, பிறகு அதற்கடுத்ததற்கும். மலர் அக்கா ஒவ்வொன்றுக்கும் வந்து, சுவரோரம் நின்றபடியே பேசினார். அவருக்கு நோய் கண்ட பிறகு அவருக்காக நான் பேசினேன், உட்கார்ந்தபடி.

ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அவர் கால்கள் போர்வைக்குள் நடந்துகொண்டிருந்தன.

"என்னவாம்?"

"அடுத்த கூட்டத்தில பாப்பமாம்."

"அதுக்கு நான் இருக்க மாட்டன் எண்டு சொன்னனியோ?"

"இல்லை, அக்கா."

"சொல்லாத. எனக்கு அஞ்சலிக் கூட்டம் வைக்க வெளிக்கிடுவினம், அம்பு பின்னுக்குப் போயிடும்."

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது உட்காரவிடாத அந்த அந்தரம்தான். இதையும் மேசைக்கும் ஜன்னலுக்கும் இடையில் நடந்து நடந்தே எழுதி முடித்தேன்.

வெள்ளிக்கிழமை அம்புகளை உரித்தெடுத்தார்கள். பார்வையாளர்கள் இப்போது இரு பக்கமாகவும் சுற்றுகிறார்கள். மரக்குடிசையின் வாசலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் நுழையலாம். எதிரெதிரே வருகிறவர்களில் ஒருவர் நின்று மற்றவருக்கு வழிவிடுகிறார்.