காளிச்சாமி பாதியில் விட்ட சுவடி

காளிச்சாமியும் மகள் அன்புச்செல்வியும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, இரண்டு தென்னைகளுக்கு நடுவே ஒரு வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டியது. கீழே கயிற்றுக் கட்டிலில் ஓலைச்சுவடி. நேர்வெயில் பட்டால் எழுத்து படத்தில் விழாது. வேட்டி வழியாக இறங்கும் வெளிச்சம் வேண்டும்.

"இறுக்கிக் கட்டு கண்ணு. பம்பு கம்பெனியில டெஸ்ட் பண்றவளுக்கு ஒரு முடிச்சுப் போட வரலையா?"

"பம்புக்கு நட்டு இருக்குதுங்கப்பா. வேட்டிக்கு ஏது?"

பாதி ஏடுகள் முடிந்தபோது மேகம் மூடியது. மீதி அடுத்த ஞாயிறு என்று கேமராவைப் பையில் போட்டார். வியாழனன்று போத்தனூர் பஸ்ஸில் உட்கார்ந்த இடத்திலேயே அவர் உயிர் போய்விட்டது.

கிணத்துக்கடவுத் தோப்புகளில் கூலிக்குத் தேங்காய் பொறுக்கிய வீட்டில் பிறந்தவர் அவர். போத்தனூரில் ஸ்டூடியோ வைத்துக் கல்யாணப் படம் எடுத்தார். ஆடியில் கல்யாணம் கிடையாது. அந்த மாதம் முழுக்க ஸ்கூட்டரில் ஊர் ஊராகச் சுற்றி, வீடுகளில் கிடக்கும் சுவடிகளைப் படம் எடுப்பார். எதற்கு இந்த அலைச்சல் என்று அன்புச்செல்வி கேட்டிருக்கிறாள்.

"ஓலை முன்னூறு வருசம் தாங்குனாப் பெருசு. எட்டுநூறு வருசத்துப் பாட்டு இன்னிக்கு இருக்குதுன்னா, நடுவால யாரோ திரும்பத் திரும்ப உக்காந்து பாத்து எழுதியிருக்காங்க. ஒருத்தன் சோம்பியிருந்தான்னா அதோட போச்சு."

அடுப்புப் புகை படும் பரணில் மறந்துபோன சுவடிக்கட்டு பிழைத்துக்கொள்ளும். பாலும் குங்குமமும் தெளித்துக் கும்பிட்ட கட்டுதான் கெடும் என்பார். வீடு வீடாகப் பார்த்துச் சொன்னது அது.

கருமாதிக்கு இன்னும் நாள் இருந்தது. பாப்பாயி அம்மாளிடமிருந்து போன் வந்தது. பாதியில் நின்ற சுவடி அவர் வீட்டுடையது. மாட்டு வைத்தியப் பாட்டு. அவர் கணவர் இருந்தவரை வாசித்தார்.

"அம்மணி, நாளைக்கு ஆடிப் பதினெட்டு. ஏட்டை ஆனைமலை ஆத்துல உட்டுப்போடறேங்கறான் எம்மகன் மனோஜ்குமாரு. வாசிக்க ஆளில்லாத ஏடு ஊட்டுல இருந்தா ஆகாதாமா. அடுத்தவங்களுக்குக் குடுத்தாலும் ஆகாதுன்னு ஜோசியர் சொல்லிப்போட்டாரு. உங்கப்பா எடுத்தது பாதிதானே?"

துக்க வீட்டிலிருந்து கிளம்புகிறாளே என்று உறவுகள் முணுமுணுத்தன. அவள் அப்பாவின் கேமராவை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

வாசலில் பாப்பாயி கை காட்டி நிறுத்தினார். "தீட்டு இருக்குது கண்ணு. ஏட்டைத் தொடாதே. தப்பா நெனைக்காதே."

தீட்டு இல்லாத நாளிலும் அப்பாவை யாரும் உள்ளே கூப்பிட்டதில்லை; படம் எடுத்தது வாசலில்தான். அன்புச்செல்வி பையிலிருந்து கேமராவை எடுத்தாள். "நீங்களே புரட்டுங்கம்மா" என்றாள்.

வேட்டியைத் தனியாகக் கட்டினாள். காற்று பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது. பாப்பாயி ஏட்டைத் திருப்பி வைப்பார், விரலை எடுப்பார், இவள் கேமரா பட்டனை அமுக்குவாள். வெயில் மேற்கே சாயச் சாயப் படம் மங்கியது. கடைசிக் கத்தை வந்தபோது பாப்பாயியின் கை நின்றது.

"இதுக ஒட்டிக்கிச்சே அம்மணி."

வருடா வருடம் ஆயுத பூஜைக்குத் தெளித்த பால், கல்லாக இறுகியிருந்தது. பாப்பாயி நகத்தை நுழைத்தார். ஓரம் பொடுக்கென்று உடைந்தது.

"ஐயோ, நகத்தைப் போடாதீங்கம்மா!"

"பின்னே எப்படித்தான் பிரிக்கறது?"

"எலுமிச்சைப் புல்லெண்ணெய் தடவி ஊற வைக்கோணுங்க. நாலஞ்சு நாள் ஆகும்."

"நாளைக்குக் காலையில வண்டி வருது."

முன்பு ஒவ்வொரு ஏடாகப் பார்த்து எழுதியவர்களில் ஒருவரும் இந்தப் பக்கங்களை எழுதாமல் தாண்டிப் போயிருக்க மாட்டார்கள் என்று அன்புச்செல்வி நினைத்தாள்.

"கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்லி உங்க மகன்கிட்ட நீங்க சொல்லலாமுங்களே?"

"நாஞ்சொன்னாக் கேப்பானா? பூசையறையில உக்காந்துட்டு எனக்கே சட்டம் சொல்றவன். ஏட்டை ஆத்துல உட வேண்டாம்னு உங்கப்பா பேசறேன்னாரு. வருசா வருசம் அதையேதான் சொல்லீட்டிருந்தாரு. அவனைக் கண்டா கேமராவத் தொடைக்கக் குனிஞ்சுக்குவாரு. ஒரு வார்த்தை பேசலை."

கல்யாண மேடையில் மாப்பிள்ளையின் முகத்தையே பிடித்துத் திருப்பி நிற்கவைத்த மனிதர் அப்பா. இந்தத் தோப்புக்கார வீட்டுப் பையனிடம் ஒரு வேண்டுகோள் வைக்க வாய் எழவில்லை. அன்புச்செல்வி கேமராவை மூடினாள்.

"உங்க மகன் இப்ப எங்கீங்க?"

"தோப்புல, மோட்டார் ரூம்புல." பாப்பாயி கட்டிலில் உட்கார்ந்து, ஒட்டிய கத்தையைச் சேலைத்தலைப்பில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். "இது எங்கிட்ட இருக்கட்டும். நீ போய்ச் சொல்லு. சத்தம் போடுவான். போடட்டும்."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு தோப்புக்குள் நடந்தாள். மோட்டார் சத்தம் கிட்ட வந்தது. பனியன் போட்ட ஒருவர் குழாயிலிருந்து நிமிர்ந்து, யார் என்பதுபோல் பார்த்தார்.

"மனோஜ்குமாருங்களா? நான் காளிச்சாமி மகள். எங்கப்பா உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும்னு இருந்தாருங்க."