குகை மனிதர்களுக்கும் எனக்கும் ஒரே தொழில்

தொண்ணூறுகளில் அமெரிக்காவில், ஃப்ரீமான்ட்டில் மகள் வீட்டில் இருந்தேன். எனக்கு இங்கிலீஷ் வராது. ஊரில் துணிக்கடை வைத்திருந்தோம் என்று பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மாவிடம் மகளைச் சொல்லச் சொன்னேன். பொய்தான். முப்பது வருஷம் இஸ்திரி போட்டவள் நான்.

அந்த அம்மா ஆதிமனிதர்களின் குகை ஓவியங்களை ஆராய்கிறவர். ஒருநாள் தோட்டத்துச் சுவரில் கையை வைத்து, அதன்மேல் காவிமண் தண்ணீரை வாயால் ஊதிக்கொண்டிருந்தார். குகையில் அப்படித்தான் கைத்தடம் பதித்தார்களாம். இவருக்கோ எல்லாம் ஒழுகிப்போனது.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு வாய் வாங்கி, இஸ்திரித் துணிக்கு வாயால் தண்ணீர் தெளிப்பதுபோல் புஸ்ஸென்று ஊதினேன். அவர் கையை எடுத்தால், சிவப்புத் தூறலுக்கு நடுவே ஐந்து விரலும் அச்சாக நின்றன. அந்த அம்மா குதித்தே விட்டார்.

"எங்க கத்துக்கிட்டீங்கன்னு கேக்குறாங்கம்மா" என்றாள் மகள்.

இனியும் பொய்யை இழுக்க எனக்கு மனமில்லை. "இஸ்திரி போட்டுத்தான்னு சொல்லுடி. கடை கிடை ஒண்ணும் இல்லேன்னும் சொல்லிடு."

மகள் சிரித்தாள். "கடைன்னு நான் சொல்லவே இல்லம்மா. இஸ்திரி போட்டு என்னை இன்ஜினியர் ஆக்குனாங்கன்னு அன்னிக்கே சொல்லிட்டேன்."

இப்போதெல்லாம் யார் கேட்டாலும் தொழிலைச் சொன்ன பிறகுதான் பேரைச் சொல்கிறேன்.