கயிறு அவிழ்ந்த பிறகு

என் தம்பியைக் குடியிலிருந்து மீட்டது நானில்லை, ஒரு மஞ்சள் கயிறு. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. கள்ளக்குறிச்சியில் மருந்துக் கடை வைத்திருப்பவன் நான். சோதித்துப் பார்க்காமல் எதையும் நம்பக் கூடாது என்று ஊரெல்லாம் வாய் கிழியப் பேசுகிறவன். டாக்டர் எழுதிய மாத்திரைகளை நானே அவன் கையில் கொடுத்தேன். நாக்குக்கடியில் ஒதுக்கிவைத்து, நான் திரும்பியதும் துப்பினான்.

கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றி வரும் வண்டி அவனுடையது. ஒருநாள் அவன் மனைவி அவனை மலையடிவாரக் கோயிலுக்கு இழுத்துப் போனாள். பூசாரி சத்தியம் வாங்கிக்கொண்டு கையில் கயிறு கட்டினார். அடுத்த ஆடிக்குள் சாராயத்தைத் தொட்டால் ரத்தம் கக்கிச் சாவாய் என்றார். தம்பி பயந்துபோனான். சாராயக் கடை இருக்கும் தெருவில் வண்டியைக்கூட ஓட்டவில்லை. பிள்ளைகள் அப்பா மடியில் உட்கார ஆரம்பித்தார்கள். பலன் கண்ணெதிரே தெரியும்போது, அந்த நம்பிக்கை அறிவுக்கு ஒவ்வாதது என்று எந்த வாயால் சொல்வது?

தை பிறந்து கொஞ்ச நாளில் அம்மா செத்துப்போனாள். தாய்க்குக் கொள்ளி வைப்பது கடைசி மகன். தீட்டில் சாமி கயிறு கையில் இருக்கக் கூடாது என்று பெரியப்பா கத்திரிக்கோல் கேட்டார். தம்பி மனைவி அழுகையை நிறுத்திவிட்டு, "வாணாம் மாமா, அவுக்காதீங்க" என்று கெஞ்சினாள். நானும் குறுக்கே போய் நின்றேன்.

"நீதான் சாமியே இல்லன்றவனாச்சே, உனுக்கு இன்னாடா இந்தக் கயித்து மேல அவ்ளோ அக்கறை?" என்றார் பெரியப்பா. "கயிறுதான் போவுது. சத்தியம் அப்படியேதான் இருக்குது. கருமாதி முடிஞ்சதும் போய்க் கட்டிக்கட்டும்."

என்னைத் தள்ளி நிறுத்திவிட்டு வெட்டிவிட்டார்கள்.

பாடை தூக்கியவர்களுக்கு வாங்கிய பாட்டிலில் அவனும் ஒரு வாய் குடித்தான். அப்புறம் சில நாள் எச்சிலைத் துப்பித் துப்பி ரத்தம் வருகிறதா என்று பார்த்தான். ஒன்றும் வரவில்லை. கருமாதி முடிந்தும் கோயில் பக்கம் போகவில்லை.

தம்பி மனைவி போன் செய்து அழுதாள். போய்ப் பார்த்தேன். மத்தியானத்திலேயே குடித்துவிட்டுத் தரையில் கிடந்தான். பிள்ளைகள் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்கள்.

"நீ சொல்லிக்கினு இருந்தது சரிதாண்ணா," என்றான். "சத்தியத்த மீறிக் குடிச்சேன். நல்லாத்தான் இருக்கறேன். சாமியும் இல்ல, ஒண்ணியும் இல்ல."

அவன் கணக்கில் தப்பே இல்லை. நான் காலமெல்லாம் சொன்னபடி சோதித்துப் பார்த்திருக்கிறான். என் கட்சிக்கு வந்து சேர்ந்த ஒரே ஆள்.

"இருக்குதுடா," என்றேன். "கொஞ்சம் தாமசமாத்தான் கேக்கும்."

தலையைத் தூக்கி என் முகத்தையே பார்த்தான். பிறகு சிரித்தான்.

"உனுக்குப் பொய் சொல்ல வராதுண்ணா."