ஆல்பம் சீசனில் ஒரு லோடு ஷீட்

பதினோரு வருடம் நான் பார்த்த வேலைக்கு லோடு ஷீட் போடுவது என்று பெயர். விமானத்தில் எத்தனை பேர், எந்தெந்த வரிசையில், வயிற்றுக்குள் எத்தனை பெட்டி, எவ்வளவு எண்ணெய் என்று எல்லாவற்றையும் சேர்த்து, பாரம் முன்னால் இழுக்கிறதா பின்னால் இழுக்கிறதா என்று பார்த்து, பைலட் கையில் ஒரு தாளைக் கொடுக்க வேண்டும். அந்தத் தாளை நம்பித்தான் அவர் விமானத்தின் மூக்கைத் தூக்குவார். பருத்தி மூட்டை ஏற்றிய வண்டியைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே எழும்பிவிடும். என் சொந்தக்காரர்களுக்குத்தான் கடைசிவரை புரியவில்லை. ஏர்ஹோஸ்டஸா என்று கேட்டுவிட்டு என் உடம்பை மேலும் கீழும் ஒரு பார்வை பார்ப்பார்கள். போங்கடா என்று விட்டுவிட்டேன்.

விருதுநகரில் வீடு. விமான நிலையத்துக்குப் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். எங்கள் கம்பெனி அங்கிருந்து ஓட்டியது எழுபது பேர் உட்காரும் சின்ன விமானம். பெரிய விமானத்துக்கு ஆயிரம் கிலோ ஒரு பொருட்டில்லை. இதற்கு நூறு கிலோ இடம் மாறினாலே தெரியும்.

எங்கள் பக்கத்துக்கென்றே ஒரு பாரம் உண்டு. ஆடிப்பெருக்கு அன்று சிவகாசி பிரஸ்களில் பூஜை போட்டு, அடுத்த வருடக் காலண்டரின் மாதிரி ஆல்பத்தை வெளியிடுவார்கள். அதை வாங்கிப்போய் ஆர்டர் பிடிக்க வெளியூர் ஏஜெண்டுகள் கூட்டங்கூட்டமாக வந்து இறங்குவார்கள். ஒவ்வொருவரும் இரண்டு மூன்று ஆல்பம் எடுத்துக்கொள்வார்கள். தாள் என்றால் லேசு என்று நினைப்பவர்கள் ஒரு ஆல்பத்தைத் தூக்கிப் பார்க்க வேண்டும், தோள்பட்டை இறங்கிவிடும். அதைப் பெட்டியோடு போடவும் மாட்டார்கள். பூஜையில் வைத்த குங்குமம் அட்டையில் இருக்கும், உள்ளே லட்சுமியும் முருகனும் இருப்பார்கள். சாமி படத்தை லோடிங் ஆட்கள் வீசி எறிவதா என்று சண்டைக்கு வருவார்கள். மடியில்தான் வைத்துக்கொள்வார்கள். அதனால் அந்த இரண்டு வாரமும் நான் விமானம் ஏறும் கேட்டில் தராசு போட்டு ஒவ்வொரு பையாக எடை பார்ப்பேன். ஏஜெண்டுகளை நடுவரிசைக்கு மாற்றுவேன், பாரம் மிஞ்சினால் நாலு பெட்டியை அடுத்த விமானத்துக்கு நிறுத்துவேன். திட்டு வாங்குவேன், திருப்பியும் கொடுப்பேன்.

அந்த வருடம் சித்திரையில் தலைமை ஆபீஸிலிருந்து மெயில் வந்தது. இனி எல்லா ஊர் லோடு ஷீட்டையும் வடக்கே ஒரே ஆபீஸில் கம்ப்யூட்டர் போடும், ஆளுக்குச் சராசரியாக ஒரு எடை வைத்துக்கொள்ளும். என்னை டிக்கெட் கவுண்டருக்கு மாற்றினார்கள். அடுத்து, ஏற்றும் நேரத்தைக் குறைப்பதற்காகக் கேட்டில் இருந்த தராசை எடுத்துக்கொண்டு போனார்கள். ஆனியில் முன்வரிசை இருக்கைகளுக்குத் தனிக் கட்டணம் என்று அறிவித்தார்கள். ஏஜெண்டுகள் கட்டுவார்களா? எல்லோரும் பின்னால்தான் போவார்கள். மூன்றும் மூன்று அறைகளில் யார் யாரோ எடுத்த முடிவுகள். மூன்றும் சேர்ந்து ஆடி மாதம் ஒரே விமானத்தின் வாலில் வந்து உட்காரப் போகின்றன என்று எனக்குத் தெரிந்தது.

கேட்டில் பயணிகளை ஏற்றிவிடும் வேலையில் இருந்தவளுக்கும் தெரிந்தது. ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துக் கிராமத்துக்காரி. முப்பது வயதிருக்கும், ஒரு பெண் குழந்தை. கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு சீசன் பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கப் போயிருக்கிறாள். ஒரு நாள் பக்கத்து ரூம் வெடித்துப் போய்விட்டது. அதைப் பற்றி என்னிடம் ஒரே தடவைதான் பேசினாள். காது அடைத்துப்போனதால் எந்தச் சத்தமும் தெரியவில்லையாம், வாசலில் கழற்றிவிட்ட செருப்புகள் மட்டும் வரிசை கலையாமல் கிடந்ததாம். அன்றைக்கு வெளியே வந்தவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அஞ்சல்வழியில் டிகிரி முடித்து இந்த வேலைக்கு வந்தாள். பட்டாசுக் கம்பெனி வேன் தினமும் காலையில் அவள் தெரு முனைக்கு வந்து நின்றுவிட்டுப் போகும். இந்த வேலை போனால் அந்த வேன்தான் என்று அவளே சொல்லுவாள், சிரித்துக்கொண்டுதான் சொல்லுவாள்.

"நீங்க மேல எழுதுங்கக்கா. உங்க பேச்சக் கேப்பாக," என்றாள்.

எழுதினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து, ஆடிப்பெருக்கு என்றால் என்ன, ஆல்பம் என்றால் என்ன, தராசு ஏன் வேண்டும் என்று கோபம் அடங்கும்வரை எழுதினேன். நல்ல மெயில். அனுப்பும்போதுதான் விரல் நின்றது. எங்கள் நிலையத்தில் பத்துப் பேரை ஆறாக்கப் போகிறார்கள் என்ற பேச்சு அப்போது ஓடிக்கொண்டிருந்தது. வாயாடி என்ற பெயர் எனக்கு ஏற்கனவே உண்டு. மகனுக்குக் காலேஜ் இன்னும் இரண்டு வருடம் பாக்கி. பயந்துவிட்டேன், வேறொன்றும் இல்லை. நாளைக்கு அனுப்பலாம் என்று போனில் சேமித்து வைத்தேன். மறுநாள் அவள் கேட்டபோது, அனுப்பிவிட்டேன் என்றேன். ஊரே வாயாடி என்று சொல்லும் நான் பயந்துவிட்டேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? மானம் போய்விடும் என்று நினைத்தேன்.

ஆடிப்பெருக்கு முடிந்த மூன்றாம் நாள், மத்தியான விமானம். கவுண்டரில் இருந்தபடியே பார்த்தேன். பிரஸ் பெயர் போட்ட துணிப்பைகளோடு ஏஜெண்டுகள் ஒருபக்கமாகச் சாய்ந்து நடந்து வந்தார்கள். ஒருவர்கூட முன்வரிசை கேட்கவில்லை. கம்ப்யூட்டர் கேட்டதற்கெல்லாம் சரி என்று போட்டுக்கொண்டே வந்தேன். வடக்கு ஆபீஸுக்கு ஒரு போன் போட எனக்கு அரை நிமிடம் போதும், போடவில்லை. அப்போது கேட்டிலிருந்து போன் வந்தது.

"அக்கா, அம்புட்டுப் பேரும் ஆல்பம் வச்சிருக்காக. எல்லாம் பின்னாடிதான். நிறுத்தவா?"

நிறுத்தினால் விமானம் தாமதமாகும். தாமதத்தை அவள் பெயரில் எழுதுவார்கள், யார் சொல்லி நிறுத்தினாய் என்று கேட்பார்கள், அது என்னிடம் வரும். அவளே மறுபடியும் கேட்டாள்.

"உங்க மெயிலுக்குப் பதில் வந்துச்சா? பாத்துக்கிடுறோம்னாகளா?"

"ஆமா. அவுக பாத்துக்கிடுவாக. நீ விடு," என்றேன்.

கவுண்டரை மூடிவிட்டுக் கண்ணாடிச் சன்னலுக்கு ஓடினேன். விமானம் ஓடுபாதையில் வேகம் எடுத்தது. மூக்கைத் தூக்கும் இடம் எது என்று எனக்கு மனப்பாடம். அந்த இடம் வருவதற்கு வெகு முன்னாலேயே மூக்கு தானாக மேலே எழுந்தது. பைலட் அதை அழுத்திப் பிடிப்பது கீழே நின்ற எனக்கே தெரிந்தது. வால் தரையை உரசிவிடும்போல் இருந்தது. பக்கத்தில் பெருக்கிக்கொண்டிருந்த அம்மா, ஏன் இப்படிப் போகுது என்று கேட்டார். எப்படியோ ஏறிவிட்டது. அந்தப் பக்கம் பத்திரமாக இறங்கியது. பைலட் இறங்கியதும் புகார் எழுதினார், அங்கே பைகளை எடை போட்டார்கள்.

ஒரு வாரத்தில் விசாரணை. தலைமை ஆபீஸ் அதிகாரி திரையில் வந்தார். தராசு எங்கே என்று அவர் கேட்கவில்லை. கைப்பை ஏழு கிலோவுக்கு மேல் இருந்தால் ஏற்றக்கூடாது என்று விதி இருக்கிறது, அன்றைக்குப் பயணிகளை ஏற்றிவிட்டுக் கேட்டை மூடியது யார் என்று மட்டும் கேட்டார். பிறகு அவளிடம், இதை யாரிடமாவது கேட்டாயா, யாராவது அனுமதித்தார்களா என்றார். நான் அவளுக்கு அடுத்த நாற்காலியில் இருந்தேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. யாரிடமும் கேட்கவில்லை சார் என்றாள். எனக்கு முதலில் வந்தது நிம்மதி, அதைச் சொல்லத்தான் வேண்டும். அடுத்த வாரமே அவளை வேலையை விட்டு நிறுத்தினார்கள். எங்களுக்கெல்லாம், கைப்பைகளைக் கவனிக்கவும் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது.

புரட்டாசியில் அவளுடைய அனுபவச் சான்றிதழ் நிலையத்துக்கு வந்தது. நானே கொண்டு போகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். மறுநாள் காலையில் முதல் பஸ் பிடித்து அவள் ஊரில் இறங்கியபோது தெரு முனையில் வேன் நின்றிருந்தது. பெண்கள் தூக்குவாளிகளோடு ஏறிக்கொண்டிருந்தார்கள். மருந்து ரூமில் பொறி கிளம்பக்கூடாது என்று வெளுத்த நூல் சேலையில், வளையல் இல்லாத கையோடு அவளும் நின்றாள்.

"வாங்கக்கா. சாப்பிட்டீகளா?" என்றாள்.

சான்றிதழைக் கொடுத்தேன். பிரித்துப் பார்க்காமல் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். சீசன் முடிகிறவரைக்கும்தான் என்று அவளாகவே சொன்னாள். விசாரணையில் ஏன் என் பேரைச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"மேல எழுதினவுகளத்தான் மொதல்ல தூக்குவாக. எனக்குத்தான் போச்சு, உங்களுக்கும் எதுக்குப் போகணும்?"

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. நான் அந்த மெயிலை அனுப்பவே இல்லை என்றேன். பயத்தில் அனுப்பவில்லை, அன்றைக்குப் போனில் சொன்னதும் பொய் என்றேன். வேன்காரர் ஹாரன் அடித்தார். உள்ளேயிருந்து ஒரு பெண் அவளைக் கூப்பிட்டாள். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்குப் போன்ல கேட்டேன்லக்கா," என்றாள். "அப்பவாவது சொல்லியிருந்தீகன்னா, நான் கேட்டத் தெறந்திருக்கவே மாட்டேன்ல."

குரலை உயர்த்தவில்லை, அழவும் இல்லை. நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். அவள் அதற்குள் படியில் கால் வைத்துவிட்டாள். வேனில் உட்கார இடம் இல்லை, நின்றுகொண்டே போனாள். தீபாவளிக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது.