அத்தை மாப்பிள்ளை பார்த்த கதை

என் அத்தைக்குக் கால்பந்து பார்க்கவே தெரியாது என்றுதான் பத்து வயதில் நான் நினைத்திருந்தேன். ஆட்டம் முடிந்ததும் என் பக்கம் திரும்பி, "யாருடி ஜெயிச்சா?" என்று கேட்பாள். கோல் விழுந்து மைதானமே கத்தும்போது அவள் கண் மட்டும், பந்தே இல்லாத ஏதோ ஒரு மூலையில் நிற்கும் பையன் மேல் இருக்கும். அதனால் ஸ்கோர் கவனிப்பது என் வேலை. கூலி, திரும்பும் வழியில் ஒரு பன்னீர் சோடா.

அத்தை என் அப்பாவின் தங்கை. கல்லூரி அணியில் ஆடியவள். முழங்கால் ஜவ்வு கிழிந்து ஆட்டம் நின்றுபோனது. மற்றவர்களாக இருந்தால் அதோடு பந்தை மறந்திருப்பார்கள். இவள் புதுச்சேரியில் நடக்கிற சின்னச் சின்னப் போட்டிகளுக்கெல்லாம் போய், யார் எப்படி ஆடுகிறார்கள் என்று பக்கம் பக்கமாக எழுதி, யாரும் கேட்காமலே சென்னையில் ஒரு கிளப்புக்கு அனுப்பிக்கொண்டே இருந்தாள். ஒரு வருடம் பதிலே இல்லை. தொல்லை தாங்காமலோ என்னவோ, கடைசியில் அவளைக் கூப்பிட்டு, புது ஆட்டக்காரர்களைத் தேடிப்பிடிக்கும் வேலையை ஆறு மாதத்துக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அதற்கு ஸ்கவுட் என்று பெயர். "ஊர்ப் பசங்கள வேடிக்கை பாக்குறதெல்லாம் ஒரு வேலையா?" என்று அப்பா சிரித்தார்.

ஐந்து மாதத்தில் அத்தை இரண்டு பேரை அனுப்பினாள். இரண்டு பேரும் போன வேகத்தில் திரும்பி வந்தார்கள். மூன்றாவது ஆளும் தேறாவிட்டால் வேலை போய்விடும். வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும். அவள் சாப்பிடும்போது யாரும் கிளப் பேச்சை எடுக்க மாட்டோம்.

மூன்றாவது ஆள் காலாப்பட்டுப் பக்கம் ஒரு மீனவர் குப்பத்தில் கிடைத்தார். சவுக்குத் தோப்பை ஒட்டி மணல் மைதானம். கோல் கம்பங்களில் பழைய மீன்வலையைக் கட்டியிருந்தார்கள். அந்த அண்ணனுக்கு இருபது வயது இருக்கும். விடியற்காலையில் அப்பாவோடு கடலுக்குப் போய்வந்து, சாயங்காலம் பந்தாடுவார். தடுத்து ஆடுபவர் என்பதால் கோல் எதுவும் போட மாட்டார். எனக்கு அவரிடம் விசேஷமாக ஒன்றும் தெரியவில்லை. ஆனால் பந்து தன்னிடம் வருவதற்கு முன்பே சட்டென்று கழுத்தைத் திருப்பி, பின்னால் யார் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொள்வார். அவர் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் அத்தை கணக்குக்கு ஒரு புளியங்கொட்டையை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினாள். முதல் ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோன கொட்டை போதவில்லை.

மூன்று ஆட்டம் பார்க்காமல் யார் பெயரையும் அனுப்ப மாட்டாள். நடுவில் ஆளைப் பற்றி விசாரிக்கவும் வேண்டும். டீக்கடையில் கேட்டாள், மீன் ஏலம் போடும் பெண்களிடம் கேட்டாள். பையன் குடிப்பானா? கோபம் வருமா? வீட்டில் யாருக்காவது சர்க்கரை, இழுப்பு உண்டா? வெளியூரில் தங்குவானா? எதற்குக் கேட்கிறாள் என்பதை மட்டும் சொல்லவில்லை. "விஷயம் தெரிஞ்சா ஒவ்வொருத்தனும் சினிமா காட்டுவான். நீயும் வாயத் தெறக்காத" என்று எனக்கும் உத்தரவு. நான் அதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தேன். ஓர் அம்மாள், "உன் பேரு இன்னா கண்ணு?" என்று கேட்டதற்குக்கூடத் தலையைக் குனிந்துகொண்டு அத்தையின் துப்பட்டாவுக்குள் ஒளிந்துகொண்டேன்.

இப்போது நினைத்தால் குப்பத்தின் மேல் ஒரு குற்றமும் இல்லை. டவுனிலிருந்து ஒரு பெண் வருகிறாள், கூடவே கூச்சப்படும் ஒரு சின்னப் பெண். இருபத்திரண்டு பேர் ஆடும்போது ஒரே பையனைத்தான் பார்க்கிறாள். அவனுக்குக் குடி உண்டா என்று விசாரிக்கிறாள். கையில் கொட்டையை வைத்துக்கொண்டு ஏதோ பொருத்தம் வேறு பார்க்கிறாள். அவர்கள் வேறு என்னதான் நினைப்பார்கள்?

மூன்றாவது ஞாயிறு நாங்கள் போனபோது ஆட்டம் தொடங்கியிருந்தது. மைதானத்தில் அந்த அண்ணன் இல்லை. அத்தையின் முகம் சுண்டிப்போனது. "ஒண்ணு-பூஜ்யம், தோத்துக்கினு இருக்காங்க" என்று அவள் கேட்காமலே நானாகச் சொல்லி அவளைச் சமாதானப்படுத்தப் பார்த்தேன். அப்போது பட்டுப்புடவை கட்டிய ஓர் அம்மாள் எங்களை நோக்கி வந்தார். அண்ணனின் அம்மா.

"வாங்கம்மா. வெயில்ல இன்னாத்துக்கு நிக்கிறீங்க? ஊட்டுல வந்து ஒக்காருங்க."

வீடு மைதானத்துக்கு எதிரிலேயே இருந்தது. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள், தட்டு நிறைய முறுக்கு, ஒரு பந்து மல்லிகை. நடுவில் வெள்ளைச் சட்டையும் வேட்டியும் முகமெல்லாம் பவுடருமாக அந்த அண்ணன் உட்கார்ந்திருந்தார். மைதானத்தில் சத்தம் வரும்போதெல்லாம் அவர் கழுத்து அந்தப் பக்கம் திரும்பியது. அத்தையின் கை தானாகப் பையில் புளியங்கொட்டையைத் தேடியது.

"நான்தாம்மா இன்னிக்கு ஆடக் கூடாதுன்னுட்டேன். கால்ல கையில அடிபட்டுக்கினு ஒக்காந்தா நல்லாவா இருக்கும்? இன்னும் ஒரு வருசம் போவட்டும், இப்ப பேசி மட்டும் வெச்சிக்கலாம். பொண்ணு உங்க தங்கச்சியா?"

அத்தைக்குத் தங்கையே கிடையாது. கடிக்கப்போன முறுக்கோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். இதற்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"பொண்ணெல்லாம் இல்ல! எங்க அத்தை ஸ்கவுட்டு! ஃபுட்பாலுக்கு ஆள் பாக்க வந்திருக்காங்க!"

மைதானத்தில் அந்த நேரம் பார்த்து எதிரணியின் இரண்டாவது கோல் விழுந்தது. அண்ணன் எழுந்தார். அம்மாவைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், ஒரே ஓட்டமாக ஓடினார். ஓடிக்கொண்டே வேட்டியை உருவி வீசினார். உள்ளே ஆட்டத்துக்குப் போடும் டவுசர்! காலையிலேயே போட்டு வைத்திருந்திருக்கிறார். அவர் அப்பா, அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள், முறுக்கும் கையுமாக அத்தை என்று அத்தனை பேரும் பின்னாலேயே ஓடினோம்.

அப்படி ஓர் ஆட்டத்தை நான் அதற்குப் பிறகு எந்த ஸ்டேடியத்திலும் பார்க்கவில்லை. பவுடர் முகத்தில் மணல் ஒட்டிக்கொள்ள, வெள்ளைச் சட்டை பழுப்பு நிறமாக மாற, அண்ணன் விழுந்து விழுந்து பந்தைத் தடுத்தார். அதற்குமேல் ஒரு கோலும் விழவில்லை. இவர்கள் இரண்டு போட்டார்கள். நான் தொண்டை வறள ஸ்கோர் கத்தினேன். அத்தை காதில் ஏறவே இல்லை. கொட்டைகள் தீர்ந்துபோய், முறுக்கை ஒடித்து ஒடித்து எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஆட்டம் முடிந்து அதே நாற்காலிகளில் உட்கார்ந்து எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அண்ணனின் அப்பாதான் அதிகம் சிரித்தார். அத்தை எல்லாவற்றையும் விளக்கினாள்: சென்னைக்கு வர வேண்டும், ஒரு வாரம் ஆட வைத்துப் பார்ப்பார்கள், எடுத்துவிட்டால் சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் கிளப்பே கொடுக்கும். எடுத்துவிடுவார்கள் என்று அவளுக்கு அப்போதே தெரிந்திருந்தது. அப்படியே நடந்தது. அத்தையின் வேலை நிலைத்தது. "என் தங்கச்சி ஸ்கவுட்டு" என்று அப்பா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அண்ணனின் அம்மா அந்த வெள்ளைச் சட்டையை வாங்கி வாசல் குழாயடியில் அலசிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"எத்தினி நாளைக்கு ஒரு தபா ஊட்டுக்கு வுடுவாங்க?"

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. என்ன கலர் ஜெர்சி, எத்தனாம் நம்பர், எவ்வளவு பெரிய மைதானம் என்று கேட்பதற்கு எவ்வளவோ இருக்க, இது ஒரு கேள்வியா? ஊரையே கேள்வி கேட்ட அத்தையோ கையிலிருந்த முறுக்குத் துண்டுகளைத் திரும்ப எண்ணத் தொடங்கினாள். சரி, நாம்தான் கைகொடுக்க வேண்டும் என்று நான் எழுந்தேன்.

"அதான் டிவியிலயே வருவாரே பெரிம்மா! தெனம் பாக்கலாம்!"

வாசலே சிரித்தது. அவரும் சிரித்தார். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து, பெண் வீட்டாருக்காக வாங்கி வைத்த மல்லிகையை என் சடையில் வைத்துவிட்டு, குழாயடிக்குத் திரும்பிப் போய், ஏற்கெனவே பிழிந்திருந்த சட்டையை மறுபடியும் பிழிந்தார்.

வழியில் அத்தை எனக்கு இரண்டு பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தாள். அத்தைக்கே வராத பதிலை நான் சொன்னதற்காகத்தான் அந்த இரண்டாவது சோடா என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.